துரையப்பா அரங்கில் ஒரே வார இறுதியில் உதைபந்தாட்ட இறுதிப்போட்டியும் மெய்வல்லுநர் போட்டியும்: நடத்த முடியுமா?

சங்கானைக் கழகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பொன்விழா வருகிற புரட்டாதியில் வருகிறது. ஊர்த் திடலிலேயே நடத்தி முடிக்கலாம் என்றுதான் முதலில் பேசினோம். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கின் வாசலைத் தாண்டி உள்ளே போனதே இல்லை. வலயப் போட்டியில் வென்று மாகாணம் வரை போகிற ஓரிருவர்தான் அந்தப் புற்றரையில் கால் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவையாவது எல்லாப் பிள்ளைகளும் அங்கே ஓட வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

திட்டம் இதுதான். வெள்ளியும் சனியும் 16 வயதுக்கு உட்பட்ட சிறுவர் சிறுமியருக்கான மெய்வல்லுநர் போட்டி. கூடவே பெரியவர்களுக்கு ஒரு திறந்த பிரிவு. ஞாயிறு பிற்பகல் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. அன்றைக்குத்தான் பிரதம விருந்தினர் வருகிறார், மாற்ற முடியாது.

இப்போது செயற்குழுவே இரண்டாகிவிட்டது. ஈட்டியும் பரிதிவட்டமும் எறிந்து தரையைக் குத்திக் கிழித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பந்து எப்படி உருளும் என்று ஒரு பக்கம் கேட்கிறது. வெள்ளி காலை இறுதிப்போட்டி அணிகள் இரண்டும் பயிற்சிக்கு இறங்கினால் பூட்ஸ் ஆணியில் ஓடுபாதை உழுத வயலாகிவிடும், பிறகு பிள்ளைகள் எங்கே ஓடுவது என்று மறு பக்கம் கேட்கிறது. இரண்டுக்கும் தனித்தனியாக மைதானம் எடுக்க எங்களிடம் பணம் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


பாசையூர்ப் பத்தாம் இலக்கம் எழுதியது:

செயலாளர் அண்ணை, நான் கடற்கரைப் பக்கத்துப் பொடியன், என் வாக்கு உதைபந்துக்குத்தான். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் ஒரு இறுதிப்போட்டி என்றால் வீட்டில் அடுப்பு மூட்ட ஆள் இருக்காது. அவ்வளவு சனத்தையும் கூட்டிவைத்து, குழி விழுந்த தரையில் விளையாடச் சொன்னால் இரண்டு அணிகளுக்கும் அது அவமரியாதை. இறுதிப்போட்டி என்றால் 105க்கு 68 முழு அளவில் கோடு போட வேண்டும். மெய்வல்லுநரை ஊர்த் திடலில் வையுங்கள்.


வெள்ளைக்கோடு எழுதியது:

தம்பி, முடியும். தாராளமாக நடத்தலாம். நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வலிகாமத்தில் நான் கோடு போடாத பாடசாலை மைதானம் குறைவு. உங்கள் செயற்குழுவில் இரண்டு பக்கமும் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பயத்துக்கும் மருந்து அளவு நாடாவில்தான் இருக்கிறது.

முதலில் பாசையூர்த் தம்பி சொன்ன 105க்கு 68 என்பதை எடுத்துக்கொள்கிறேன், சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 400 மீற்றர் ஓடுபாதையின் வழமையான அளவில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீற்றர். இரு முனையிலும் உள்ள வளைவின் ஆரம் 36.50 மீற்றர். இதற்குள் 105 மீற்றர் நீளத்துக்கு உதைபந்துக் களம் போட்டால், நேர்ப்பகுதி முடிந்த பிறகும் இரு முனையிலும் பத்து மீற்றருக்கு மேல் களம் வளைவுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இடம் தாராளமாக இருக்கும், நெருக்கடி மூலையில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூலைக் கொடிக்கும் முதலாம் பாதையின் உட்கோட்டுக்கும் இடையே ஒரு மீற்றர்தான் மிஞ்சும்.

இதன் பொருள் என்ன? மூலை உதை எடுக்கிறவன் பின்னால் போய் ஓடிவரும் இடம் முழுவதும் ஓடுபாதை. அதுவும் முதலாம், இரண்டாம் பாதைகள். 1500 மீற்றர் ஓடுகிற பிள்ளை ஒவ்வொரு சுற்றிலும் நெருங்கி மிதிக்கும் அதே இடம். ஆணி வைத்த பூட்ஸ் அங்கே திரும்பத் திரும்ப ஊன்றித் திரும்பினால் அறுகு வேரோடு வந்துவிடும். மைதானத்தின் நாலு மூலையில் மட்டும் புல் மொட்டையாகிச் சிவந்த மண் தெரிவதை நீங்களே பல இடங்களில் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே களத்தை 100க்கு 64 ஆகப் போடுங்கள். அது ஒன்றும் சிறுவர் களம் அல்ல. சர்வதேசப் போட்டிக்கே நீளம் 100 முதல் 110 மீற்றர் வரை, அகலம் 64 முதல் 75 மீற்றர் வரை இருக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. மற்றப் போட்டிகளுக்கு விதி இதைவிடத் தாராளம். எந்த நடுவரும் மறுக்க முடியாது. இப்படிப் போட்டால் மூலைக் கொடிக்கும் ஓடுபாதைக்கும் இடையே மூன்றரை மீற்றர் கிடைக்கும். ஓடிவந்து உதைக்க அது போதும். நீளத்தில் ஐந்து, அகலத்தில் நான்கு மீற்றரை விட்டுக்கொடுத்தால் இரண்டு விளையாட்டும் ஒரே தரையில் பகையில்லாமல் இருக்கும்.

அடுத்தது ஓடுபாதைக் கோடு. இங்கே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஏனென்றால் புற்றரையில் இந்த இடத்தில்தான் பிழை நடக்கிறது. அந்தப் பிழைக்கு விலை கொடுப்பது ஓடுகிற பிள்ளை.

செயற்கை ஓடுபாதையில் உட்புறம் உயர்ந்த விளிம்புக் கட்டு இருக்கும். அப்போது முதலாம் பாதையின் நீளத்தை அந்தக் கட்டிலிருந்து 30 சென்ரிமீற்றர் வெளியே அளக்க வேண்டும். வெறும் சுண்ணாம்புக் கோடு என்றால் 20 சென்ரிமீற்றர் வெளியே அளக்க வேண்டும். புத்தகத்தில் 36.50 என்று இருப்பதைப் பார்த்து, கட்டு இல்லாத புல்லிலும் அதே 36.50க்குக் கம்பியை இழுத்தால் சுற்று 400 வராது. 399.37தான் வரும். அறுபது சென்ரிமீற்றருக்கு மேல் குறைவு. கட்டு இல்லாத இடத்தில் ஆரம் 36.60 ஆக இருக்க வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. ஒரு முழுச் சுற்றுப் போட்டியில் இரண்டாம் பாதைக்காரருக்கு 7.04 மீற்றர் முன்னே தொடக்கக் கோடு போட வேண்டும், அதற்குப் பிறகு ஒவ்வொரு பாதைக்கும் 7.67 கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த 7.04 விளிம்புக் கட்டு உள்ள மைதானத்துக்குரியது. கட்டு இல்லாமல் 36.60 ஆரத்தில் போட்டால் இரண்டாம் பாதைக்கும் 7.67தான். பாதையின் அகலம் 1.22 மீற்றர், அதை 2π ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். கட்டு இல்லாத புல்லில் 7.04ஐப் பிடித்துக்கொண்டால் இரண்டாம் பாதையிலிருந்து எட்டாம் பாதை வரை அத்தனை பேரும் முதலாம் பாதைக்காரரைவிட 63 சென்ரிமீற்றர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். 400 மீற்றர் இறுதியில் அது இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள இடைவெளி. தோற்ற பிள்ளைக்குத் தான் ஏன் தோற்றேன் என்று கடைசி வரை தெரியாது.

வளைவு இரண்டின் மையப் புள்ளிகளை முதலில் கண்டுபிடியுங்கள். முறையாகப் போட்ட மைதானம் என்றால் அந்த இரண்டு இடத்திலும் மண்ணுக்குள் ஒரு இரும்பு முளை புதைந்திருக்கும். மைதானம் பராமரிப்பவரிடம் கேட்டால் காலால் தட்டிக் காட்டுவார். அந்த மனிதரை மரியாதையோடு அணுகுங்கள். ஒரு மைதானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது. முளை கிடைக்காவிட்டால் நேர்ப்பகுதியிலிருந்து அளந்து புதிதாக வையுங்கள். இரண்டு மையத்துக்கும் இடையே 84.39 மீற்றர் இருக்க வேண்டும். துணி நாடா இழுபடும், ஆகவே உருக்கு நாடா எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு இழுக்க நைலோன் கயிறு வேண்டாம், அதுவும் இழுபடும். மெல்லிய கம்பியே நல்லது. ஒருவர் மையத்தில் முளையைப் பிடித்து நிற்க, மற்றவர் கம்பியை விறைப்பாக இழுத்தபடி நடந்து ஒவ்வொரு இரண்டு மீற்றருக்கும் ஒரு ஆணி அடித்துக்கொண்டு போக, மூன்றாவது ஆள் பின்னால் சுண்ணாம்போடு வர வேண்டும். முளை பிடிக்கிற ஆள் சலிப்பில் அசைந்தால் வளைவு முட்டையாகிவிடும். அந்த வேலைக்கு உங்களில் பொறுமையான ஆளை நிறுத்துங்கள்.

எறிதல் போட்டிகளுக்கு வருகிறேன். குண்டு போடுதலால் உதைபந்துக் களத்துக்கு ஒரு தொல்லையும் இல்லை, அதைக் களத்துக்கு வெளியே வளைவின் உட்புறத்தில் வையுங்கள். ஈட்டியையும் பரிதிவட்டத்தையும் வெள்ளி காலையே முடித்துவிடுங்கள். ஈட்டி குத்தின துளை விரல் மொத்தம்தான், குதிகாலால் மிதித்தால் மூடும். பரிதிவட்டம் விளிம்பால் விழுந்து புல்லைச் சீவிக்கொண்டு போகும். ஒவ்வொரு எறிதலுக்குப் பிறகும் அளந்து முடித்த கையோடு அந்தப் புல்துண்டைத் திரும்ப வைத்து மிதிக்க ஒரு பையனை நிறுத்துங்கள். மாலையில் பார்க்கலாம் என்று விட்டால் வெயிலில் புல் காய்ந்துவிடும். வெள்ளி பின்னேரம் மணலும் மண்ணும் கலந்து துளைகளை நிரப்பித் தண்ணீர் தெளித்தால் ஞாயிறுக்குள் தரை இறுகும்.

எறிதல் வலயத்துக்குக் கோணமானி தேவையில்லை. குண்டு, பரிதிவட்டம் இரண்டுக்கும் வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீற்றர் தூரத்தில் இரு கோடுகளுக்கும் இடையே சரியாக 12 மீற்றர் இருக்க வேண்டும். ஈட்டிக்கு எறிகோட்டு வில்லை வரைந்த வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீற்றரில் 10 மீற்றர். அவ்வளவுதான்.

வெள்ளி காலை பயிற்சி ஆட்டம் வேண்டவே வேண்டாம். அதில் உங்கள் மெய்வல்லுநர்க்காரர் சொல்வது சரி.

சிறுவர் போட்டிக்கு நகர்த்தக்கூடிய கோல் கம்பம் கொண்டுவந்தால் தயவுசெய்து பின்சட்டத்தை நிலத்தோடு ஆணி அடித்தோ மண்மூட்டை வைத்தோ இறுக்குங்கள். பிள்ளைகள் குறுக்குச் சட்டத்தில் தொங்குவார்கள். கம்பம் கவிழ்ந்து உயிர் போன சம்பவங்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன.


தெல்லிப்பழைத் தாய் எழுதியது:

சேர் சொன்னதை வாசித்தபோது எங்கள் பாடசாலை நாள்கள் நினைவுக்கு வந்துவிட்டன. நான் மகாஜனாக் கல்லூரியில் படித்தவள், இப்போது என் மகள் ஓடுகிறாள். எங்கள் பாடசாலையின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையைப் படைத்துப் பிறகு தானே அதை மீண்டும் மீண்டும் உயர்த்தியதை இங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். ஒரு கிராமத்துப் பெண்பிள்ளைக்குக் கோலும் மெத்தையும் பயிற்சி தரும் ஆளும் கிடைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் போதும்.

செயலாளர் தம்பிக்குச் சில வார்த்தை. பெண்பிள்ளைகளின் நிகழ்ச்சிகளை மத்தியான வெயிலுக்குத் தள்ளாதீர்கள். பல போட்டிகளில் அப்படித்தான் நடக்கிறது: காலையில் ஆண்பிள்ளைகள், மாலையில் ஆண்பிள்ளைகளின் இறுதி, இடையில் வெயில் கொளுத்தும்போது பெண்பிள்ளைகளின் 800 மீற்றர். உடை மாற்றும் அறைக்குப் பூட்டு இருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். பூட்டு இல்லையென்றால் ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு போங்கள், சாவி ஒரு ரீச்சரிடம் இருக்கட்டும். குடிதண்ணீரும் அந்த அறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

இன்னொன்று. வெள்ளி, சனி பிள்ளைகள் ஓடும்போது பார்வையாளர் மேடையில் பெற்றோரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஞாயிறு மாலைதான் சனம் வரும், பிரதம விருந்தினர் வருவார். ஆகவே 4x100 அஞ்சலோட்ட இறுதியை, பெண்பிள்ளைகளுடையது ஒன்று, ஆண்பிள்ளைகளுடையது ஒன்று, உதைபந்தாட்ட இடைவேளையில் வைக்க முடியாதா? தன் பிள்ளைக்காக ஒரு அரங்கமே எழுந்து கத்துவதை ஒரு தாய் வாழ்நாளில் ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.


பாசையூர்ப் பத்தாம் இலக்கம் எழுதியது:

அக்கா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. 100க்கு 64 கணக்கை எங்கள் பயிற்றுநரிடம் காட்டினேன். அகலம் நாலு மீற்றர் குறைந்தால் பக்கவாட்டு வீரர்களுக்குக் கொஞ்சம் நெருக்கம், ஆனால் விளையாடலாம், விதிக்குள்தான் இருக்கிறது என்றார். நானும் ஒத்துக்கொள்கிறேன். இடைவேளை பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, காலிலே சூடு ஆறிவிடும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.


ரொறன்ரோ முற்றவெளி எழுதியது:

நான் யாழ் மத்திய கல்லூரியின் பழைய மாணவன். எங்கள் காலத்தில் முற்றவெளியும் கோட்டையும் கடற்காற்றும்தான் விளையாட்டு. ஊர்ப் பிள்ளைகள் இன்னும் சுண்ணாம்புக் கோட்டில் ஓடுகிறார்கள் என்று வாசிக்க மனம் வருந்துகிறது. இங்கே என் பேரப்பிள்ளையின் பாடசாலைக்குப் பக்கத்திலேயே செயற்கை ஓடுபாதை இருக்கிறது. 2016இல் இந்திய அரசின் உதவியோடு துரையப்பா அரங்கு புதுப்பிக்கப்பட்டதே, அப்போதே ஏன் செயற்கை ஓடுபாதை போடவில்லை? இப்போது மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு 2025 செப்ரெம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் ஓட்டக்காரருக்கு ஒரு பாதை போட்டிருக்கலாம். நாங்கள் வெளிநாட்டில் பணம் சேர்த்தால் முடியுமா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 1999இல் அந்த அரங்கில் நடந்தது நினைவிருக்கிறதா? அந்த மண்ணில் கொண்டாட்டம் வைக்கும்போது யாராவது அதை நினைக்கிறார்களா?


வெள்ளைக்கோடு எழுதியது:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நினைவிருக்கிறது. 1999இல் அரங்கைத் திருத்துவதற்காகத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. காணாமற்போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த எத்தனையோ வீடுகளில் அந்தச் செய்தி வந்த நாளில் சோறு இறங்கவில்லை. அரங்கின் பெயருக்குரிய மேயர் அல்பிரட் துரையப்பாவும் 1975 யூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக்கொல்லப்பட்டவர். அந்த இடத்தில் நின்று விளையாடுகிற பிள்ளைக்கு இவை இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தம்பி, தொடக்க நிகழ்வில் கொடி ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நில்லுங்கள். பேச்சு ஒன்றும் வேண்டாம். அதற்காகக் கொண்டாட்டத்தைக் கைவிட வேண்டாம். பிள்ளைகள் ஓடாத மைதானத்தால் யாருக்கும் ஆறுதல் இல்லை.

செயற்கை ஓடுபாதை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. எங்கள் பிள்ளைகள் புல்லில் பயிற்சி எடுத்து, அகில இலங்கைப் போட்டிக்காகச் கொழும்பில் சுகததாச அரங்குக்கோ தியகம அரங்குக்கோ போய் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் கால் வைக்கிறார்கள். அந்தத் தரை காலைத் திருப்பித் தள்ளும் விதமே வேறு. புல்லில் ஓட நீளமான ஆணி வைத்த சப்பாத்து, அங்கே குட்டை ஆணி. விதிப்படியே புல்லில் ஆணி 25 மில்லிமீற்றர் வரை இருக்கலாம், செயற்கைத் தரையில் ஓட்டத்துக்கு 9 தான் உச்சம். இரவு ரயிலில் போய் விடிய இறங்கி, பழக்கமில்லாத தரையில், பழக்கமில்லாத சப்பாத்தோடு, அங்கேயே வளர்ந்த பிள்ளைகளோடு ஓட வேண்டும். அப்படியிருந்தும் வடக்குப் பிள்ளைகள் பதக்கத்தோடு திரும்புகிறார்கள். ஹாட்லிக் கல்லூரிப் பிள்ளைகள் எறிதலில் பெயர் எடுத்ததும் மகாஜனாப் பிள்ளைகள் கோலூன்றிப் பாய்ந்ததும் பணத்தால் வந்த வெற்றிகள் அல்ல.

ஆனால் பணம் சேர்ப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். செயற்கைத் தரை போட்ட நாளிலிருந்தே தேயத் தொடங்குகிறது. பத்துப் பதினைந்து ஆண்டில் மேற்பரப்பைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கான பணத்தை முதல் நாளே ஒதுக்கிவைக்க வேண்டும். அடியில் நீர் வடியும் அமைப்பு சரியில்லை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை கொப்பளித்துப் பெயர்ந்துவிடும். துரையப்பா அரங்கு பண்ணைக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே நிலம் தாழ்வு. பூட்ஸோடு யாரும் அதில் ஏற விடக் கூடாது, வாகனம் ஏற விடக் கூடாது, மேடை போட்டு இசை நிகழ்ச்சி நடத்த விடக் கூடாது. பல தேவைக்குமான அரங்கில் இதைக் காவல் காப்பது கடினம். 2016 யூன் 18இல் திறப்பு விழா நடந்த அன்றே எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்தத் தரையில் யோகாசனம் செய்தார்கள். புல் அதைத் தாங்கும், சில நாளில் தானாக எழும்பும். 1,850 பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் எல்லாமே நடக்கிறது: மாகாணப் போட்டி, உதைபந்தாட்டச் சுற்று, அரச விழா. ஆகவே நீங்கள் பணம் சேர்த்தால் அதை முழுக்க ஓட்டத்துக்கென்றே ஒதுக்கிய ஒரு இடத்துக்குக் கொடுங்கள், பராமரிப்பு நிதியோடு சேர்த்துக் கொடுங்கள். துரையப்பா அரங்கை நல்ல புல்லாகவே வைத்திருக்கலாம். அறுகுக்கு உவர் பிடிக்கும், மிதியும் பிடிக்கும்.

நீங்கள் மத்திய கல்லூரிப் பிள்ளை என்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 1952இலும் 1956இலும் ஒலிம்பிக்குக்கும் போனவர். அவர் பாயப் பழகிய மண் இந்த அரங்கிலிருந்து கூப்பிடு தூரம். மண்டைதீவுக்கு அடிக்கல் நாட்டினபோது எல்லோரும் துடுப்பாட்டம் பற்றிப் பேசினார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் நடக்கிற, பெரும் போர் என்று சொல்லும் துடுப்பாட்டப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் எதிர்வீரசிங்கத்தின் பெயரைக் கேட்டால் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளை யார் அவர் என்று கேட்கிறது. சங்கானைத் தம்பி, உயரம் பாய்தலுக்கு ஒரு கிண்ணம் வையுங்கள், அவர் பெயரில் கொடுங்கள்.

தெல்லிப்பழைத் தங்கச்சியின் அஞ்சலோட்ட யோசனை மிக நல்லது. அதைச் செய்ய வேண்டும் என்றால் ஞாயிறு காலை ஓடுபாதைக் கோடுகளை மீண்டும் வெள்ளை அடியுங்கள். கோல் மாற்றும் வலயங்களையும் அடியுங்கள், ஒவ்வொன்றும் 30 மீற்றர். பழைய 20 மீற்றர் அளவில் போடாதீர்கள், விதி மாறிவிட்டது. ஆட்டம் பார்க்க வரும் சனம் கோட்டை மிதிக்காமல் பார்வையாளர் பக்கத்தில் கயிறு கட்டுங்கள்.


சங்கானைக் கழகம் எழுதியது:

சேர், நன்றி சொல்ல வார்த்தை இல்லை. நேற்று இரவு செயற்குழுவில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 100க்கு 64 என்று முடிவாகிவிட்டது. ஈட்டியும் பரிதிவட்டமும் வெள்ளி காலை. அஞ்சலோட்ட இறுதி இரண்டும் ஞாயிறு இடைவேளையில். உயரம் பாய்தல் கிண்ணத்துக்கு ஒருவர் பணம் தர முன்வந்துவிட்டார். உடை மாற்றும் அறைப் பொறுப்பை எங்கள் ஊர் ரீச்சர் ஒருவர் எடுத்திருக்கிறார்.

மூன்று சந்தேகம். திறந்த பிரிவில் சம்மெட்டி எறிதல் வைக்கலாமா? புரட்டாதியில் மழை குறுக்கிடுமா? காற்று எப்படி இருக்கும்?


வெள்ளைக்கோடு எழுதியது:

சம்மெட்டி வேண்டாம், தம்பி. ஆண்களுக்கான சம்மெட்டி 7.26 கிலோ. அது விழுந்த இடத்தில் குழியே விழும், ஞாயிறுக்குள் ஆறாது. அதைவிட முக்கியம், முறையான பாதுகாப்பு வலைக்கூண்டு இல்லாமல் அதை எறிய விடுவது உயிரோடு விளையாடுவது. பரிதிவட்டத்துக்கும் கூண்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் நிறுத்திவிட்டுக் குண்டும் ஈட்டியும் மட்டும் வையுங்கள்.

புரட்டாதி நல்ல மாதம். நல்லூர்த் திருவிழா முடிந்திருக்கும், நகரத்துக்குள் வாகனம் வர இடைஞ்சல் இல்லை. பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான். பின்னேரத்தில் ஒரு இடிமழை வந்தாலும் வரலாம், அதனால் நீளம் பாய்தல் மணற்குழியை மூடத் தறப்பாள் ஒன்று வைத்திருங்கள். ஈரமான சுண்ணாம்பைக் கையால் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். நீறாத சுண்ணாம்பை மைதானத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். பிள்ளைகள் விழும் இடம் அது.

காற்றுத்தான் உங்களுக்குத் தொல்லை தரும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடங்கும் காலம், ஆனாலும் பகலில் கடலிலிருந்து நன்றாக வீசும். 100 மீற்றரையும் நீளம் பாய்தலையும் காலை எட்டு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். காற்று முதுகுப் பக்கம் செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேல் வீசினால் அந்த நேரம் சாதனையாகக் கணக்கில் வராது. காற்றுமானி கிடைத்தால் இரவல் வாங்குங்கள். உங்கள் பிள்ளைகளில் ஒருத்தி நல்ல நேரம் ஓடினால் அதைக் கையில் வைத்துக்கொண்டு மாகாணத் தெரிவாளர் முன்னால் போய் நிற்க வேண்டும், அல்லவா?

ஞாயிறுக்கு ஒன்று. மாற்று வீரர்கள் உடல் சூடேற்ற ஓடுபாதைக்குத்தான் வருவார்கள், வழக்கம் அது. நடுவரிடம் ஆட்டத்துக்கு முன்பே சொல்லி அவர்களைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் அனுப்புங்கள். முதல் பாதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அஞ்சலோட்டப் பிள்ளைகள் எட்டு அணியும் தங்கள் தங்கள் வலயத்துக்கு வெளியே தயாராக நிற்க வேண்டும். நடுவர் ஊதினதும் பெண்பிள்ளைகளை முதலில் ஓட விடுங்கள். கோடு போட ஆள் குறைந்தால் எழுதுங்கள், வியாழன் காலை என் உருக்கு நாடாவோடு வருகிறேன்.